பழைய ஹங்கேரி பீரங்கி ஷெல் கேஸ்: அடியில் இருக்கும் குத்து எழுத்துகளை எப்படிப் படிப்பது?

புடா_தமிழன்:

எல்லாருக்கும் வணக்கம். புடாபெஸ்டில் எச்செரி பழைய பொருள் சந்தையில் இரண்டு பித்தளை ஷெல் கேஸ் வாங்கினேன். விற்றவர் இரண்டுமே ஹங்கேரியுடையது என்றார், அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, அல்லது சொல்ல விருப்பமில்லை. வீட்டுக்கு வந்து அடிப்பக்கத்தைப் பார்த்தால் ஏகப்பட்ட எழுத்தும் எண்ணும்.

முதலாவது பெரியது. வாய் உள்ளளவு 77 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே வருகிறது, வெட்டிய மாதிரி தெரியவில்லை. அடியில் நடுவில் பிரைமர் (அடி வாங்கியதும் உள்ளே இருக்கும் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி), அதைச் சுற்றி நான்கு பக்கமும் நான்கு கூட்டம். ஒன்றில் "டபிள்யூ எம்" என்று இரண்டு ரோமன் எழுத்து, அடுத்ததில் 91, அதற்கடுத்து ரோமன் எண்ணில் ஒன்பது, கடைசியில் 124. வெளியே உடம்பில் யாரோ கையால் செதுக்கிய பூவேலை இருக்கிறது, அதன் நடுவில் "எம்லேக், டொபெர்டோ 1916" என்று எழுதியிருக்கிறது.

இரண்டாவது ஒல்லியானது, நீளம் ஏறக்குறைய 31 செ.மீ. விளிம்பை ஒட்டி 43 என்ற எண், ஒரு சின்ன கிரீடம், தேய்ந்துபோன இரண்டு மூன்று எழுத்து. கையால் செதுக்கியது எதுவும் இல்லை.

என் கேள்வி: முதலாவது 1891-இல் செய்ததா? அப்படியானால் 1916-இல் இத்தாலி எல்லையில் எப்படி இருந்தது, 25 வருடப் பழைய சரக்கையா போருக்குக் கொண்டுபோனார்கள்? இரண்டாவது என்ன துப்பாக்கியுடையது? விலை எவ்வளவு போகும் என்பதில் எனக்கு ஆர்வமில்லை, என்ன பொருள் என்று தெரிந்தால் போதும்.

கேலிபர்_கந்தன்:

நல்ல கேள்வி. அளவையும் எழுத்துகள் இருக்கும் இடத்தையும் எழுதியதற்கு நன்றி, பாதிப் பேர் அதைச் செய்வதில்லை.

ஷெல் கேஸ் கையில் வந்ததும் எல்லாரும் முதலில் எழுத்தைத்தான் தேடுகிறார்கள், நான் கடைசியில்தான் அதற்கு வருவேன். முதலில் காலிப்பரால் அளவு, பிறகு ஆண்டு, பிறகுதான் யார் செய்தார்கள் என்பது. காரணம் என்னவென்றால் ஆஸ்திரியா-ஹங்கேரி ஒரே பேரரசாக இருந்த காலத்தில் பீரங்கி போஹீமியாவில் பில்சனில் ஸ்கோடா ஆலையில் செய்ததாக இருக்கும், கூடு, அதாவது ஷெல் கேஸ், புடாபெஸ்டிலோ ஆஸ்திரியாவில் பெர்ன்டோர்ஃபிலோ செய்ததாக இருக்கும், சுட்டவர் குரோவேஷியாக்காரராக இருப்பார். 1918-இல் பேரரசு சிதறியதும் அதே பீரங்கியும் அதே சரக்கும் செக்கோஸ்லோவாக்கியா, யூகோஸ்லாவியா, ருமேனியா, இத்தாலி என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டது. ஆகவே "ஹங்கேரி ஷெல் கேஸ்" என்றால் ஹங்கேரியில் செய்ததா, ஹங்கேரிப் படை சுட்டதா, அல்லது ஹங்கேரியில் விற்றதா என்று மூன்று கேள்வி இருக்கிறது. சந்தைக்காரர் மூன்றாவதை வைத்துச் சொல்லியிருப்பார்.

சரி, அளவு. 77-க்குச் சற்று மேல் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது 8 செ.மீ. எம்.5 களப் பீரங்கி. பெயரில்தான் 8 செ.மீ., உண்மையான விட்டம் 76.5 மி.மீ. இந்தப் படையில் இது ஒரு பழக்கம், 9 செ.மீ. என்று சொல்லும் பழைய எம்.75 உண்மையில் 87 மி.மீ., 15 செ.மீ. ஹோவிட்சர் (குண்டை மேல்நோக்கி வளைவாக வீசும் குட்டைக் குழாய்ப் பீரங்கி) எம்.14 என்பது 149 மி.மீ. சுட்ட கூட்டின் வாய் அறைக்குள் விரிந்து நிற்கும், குண்டின் விட்டத்தைவிட அரை முக்கால் மில்லிமீட்டர் கூடுதலாக வருவது சாதாரணம். அதனால் உங்கள் அளவு 76.5-க்குப் பொருந்துகிறது.

ஆனால் இங்கே ஒரு வம்பு இருக்கிறது. ரஷ்யாவின் மூன்று அங்குலப் பீரங்கி 76.2 மி.மீ. வித்தியாசம் வெறும் 0.3. சுட்டு விரிந்த வாயை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. கிழக்கு முனையில் பிடித்த ரஷ்யச் சரக்கும் ஏராளமாக உள்ளே வந்திருக்கிறது. ரஷ்யக் கூடு என்றால் நீளம் 385 மி.மீ. உங்கள் கூட்டின் முழு நீளத்தை அளந்து சொல்லுங்கள்.

ஆண்டு விஷயத்துக்கு வருவோம். 1891 இருக்க வாய்ப்பே இல்லை. எம்.5 என்பதில் உள்ள 5, 1905-ஆம் ஆண்டு மாதிரி என்பதைக் குறிக்கிறது. பிறக்காத பீரங்கிக்கு யாரும் கூடு செய்ய மாட்டார்கள். அப்புறம் அந்த இரண்டு எழுத்து வைஸ் மான்ஃப்ரேட் ஆலையின் குறி என்றால் (அப்படித்தான் நினைக்கிறேன்) அந்த ஆலை புடாபெஸ்டுக்குத் தெற்கே செப்பெல் தீவுக்குப் போனதே 1890-களின் தொடக்கத்தில்தான். முதலில் படைக்கு டப்பா இறைச்சி போட்டுக்கொண்டிருந்த குடும்பம், பிறகு தோட்டாவுக்கு வந்து, முதல் உலகப் போரில் பேரரசின் பெரிய ஆயுத ஆலைகளில் ஒன்றாகிவிட்டது.

இப்போது ஒரு சின்ன வேலை செய்யுங்கள். 91-ஐத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். 16. ரோமன் ஒன்பதைத் திருப்புங்கள். பதினொன்று. டபிள்யூ எம் என்பதைத் திருப்பினால்? மறுபடி டபிள்யூ எம்தான், ஏனென்றால் ஒன்று கவிழ்ந்தால் மற்றொன்று, வரிசையும் மாறிவிடும். உங்கள் கூட்டில் நான்கில் மூன்று கூட்டம் எந்தப் பக்கம் வைத்தாலும் ஏதோ ஒன்றாகப் படிக்க வரும். வட்டமாகக் குத்தியிருக்கும் அடிப்பாகத்தைக் கையில் சுழற்றிச் சுழற்றிப் படிக்கும்போது இது சுலபமாக நடக்கும். உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் 124. அதில் 2-உம் 4-உம் கவிழ்ந்தால் எதுவாகவும் படிக்காது. அந்த 124-இன் கால் பிரைமரைப் பார்க்கிறதா, வெளி விளிம்பைப் பார்க்கிறதா? மற்ற மூன்றையும் அதே திசையில் வைத்துப் படியுங்கள்.

பழைய_இரும்பு:

கந்தன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வேலையாகப் புளி, எலுமிச்சை, பிராஸோ எல்லாவற்றையும் தூர வையுங்கள். பளபளவென்று தேய்த்து எடுத்த ஷெல் கேஸில் பாதித் தகவல் போய்விடும். ஆழமாகக் குத்திய ஆலைக் குறி தப்பிக்கும், ஆனால் லேசாகக் குத்திய சோதனையாளர் முத்திரை, மறுநிரப்புக் குறி, மையால் அச்சிட்டது எல்லாம் முதல் தேய்ப்பிலேயே காணாமல் போகும். கருமை படிந்திருந்தால் படிந்ததாகவே இருக்கட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு போட்டு மென்மையான பிரஷ்ஷால் மண்ணை மட்டும் எடுத்து, நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள், போதும்.

எழுத்து சரியாகத் தெரியவில்லையென்றால், அறையை இருட்டாக்கி டார்ச்சை அடித்தட்டின் மட்டத்துக்கு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக அடித்தால் பித்தளை கண்ணைக் கூசும், ஒன்றும் தெரியாது. சாய்வாக அடித்தால் ஒவ்வொரு குத்தின் ஓரமும் நிழல் போட்டு எழும்பி நிற்கும். டார்ச்சை மெதுவாகச் சுற்றிக்கொண்டே போங்கள், ஒரு கோணத்தில் தெரியாத கோடு இன்னொரு கோணத்தில் தெரியும். மெல்லிய தாளை வைத்து மென்மையான பென்சிலால் தேய்த்து எடுத்தாலும் நன்றாக வரும், அந்தத் தாளைப் போட்டோ எடுத்துப் போட்டால் நேரடிப் போட்டோவைவிட எங்களுக்கு உபயோகம்.

குத்து எழுத்துகளில் ஒரே மாதிரி எழுத்து வடிவம், ஒரே ஆழம் இருந்தால் ஒரே நேரத்தில் குத்தியது. ஒன்று மட்டும் கோணலாக, வேறு அளவில் இருந்தால் பிறகு சேர்த்தது. பித்தளைக் கூட்டை ஒரு தடவை சுட்டுவிட்டுத் தூக்கி எறிய மாட்டார்கள், திரட்டித் திருப்பி அனுப்பி, வாயைச் சீர் செய்து, புது பிரைமர் போட்டு மறுபடி மருந்து நிரப்புவார்கள். அதனால் ஒரே அடித்தட்டில் இரண்டு ஆண்டு இருந்தால் பயப்பட வேண்டாம்.

அப்புறம் முக்கியமான விஷயம். இரண்டு கூட்டின் பிரைமரிலும் அடி வாங்கிய குழி இருக்கிறதா? பார்த்துச் சொல்லுங்கள். கண்ணால் மட்டும். திருகிக் கழற்றிப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

புடா_தமிழன்:

டார்ச் வைத்துப் பார்த்தேன், பிரமாதம். 124-இன் கால் பிரைமரைப் பார்க்கிறது. மற்றதையும் அதே மாதிரி வைத்தால் 16, ரோமன் பதினொன்று. 1-இன் தலையில் இருக்கும் சின்ன வளைவும் அப்போதுதான் சரியான பக்கம் வருகிறது. நான்கு கூட்டமும் ஒரே ஆழம், எழுத்து வடிவமும் ஒன்றுதான்.

முழு நீளம் 385-க்கு நிறையவே குறைவு. வாயின் ஓரத்தில் உள்பக்கமாக லேசாக மடிந்த தடம் சுற்றிலும் இருக்கிறது, அதனால் வெட்டவில்லை என்று நினைக்கிறேன். பிரைமரில் நடுவில் நல்ல ஆழமான குழி.

அப்படியானால் ரோமன் எண் மாதமா? நவம்பர் 1916?

கேலிபர்_கந்தன்:

ஆமாம், அப்படித்தான் படிக்கிறேன். இந்தப் படையின் ரைபிள் தோட்டாக்களின் அடியைப் பார்த்தால் மாதம் ரோமன் எண்ணிலும் ஆண்டு சாதாரண எண்ணிலும் தனித்தனிக் கட்டமாக இருக்கும். உங்களுடையதில் ஒரு ரோமன் எண், ஒரு ஈரிலக்க எண், ஒரு மூன்றிலக்க எண். ஆண்டு 16, மாதம் 11, மிச்சமிருக்கும் 124 லாட் எண் (எந்தத் தொகுதியில் செய்தது என்பது) என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. வாயில் உள்ள மடிப்புத் தடம் குண்டைக் கவ்விப் பிடித்த இடம், அதனால் இது குண்டும் கூடும் ஒன்றாகச் சேர்ந்த வகை, உங்கள் வாய் அளவும் நம்பத்தக்கது. வெட்டிய கூடாக இருந்திருந்தால் நீங்கள் அளந்தது கழுத்தை அல்ல உடம்பை என்று ஆகியிருக்கும், கூட்டின் உடம்பு அடிப்பக்கம் போகப் போக அகலமாவதால் கணக்கே தப்பியிருக்கும். அலங்கார வேலை செய்த கூடுகளில் பாதி வெட்டியவைதான், இது தப்பித்திருக்கிறது.

ஆக: 76.5 மி.மீ., வைஸ் மான்ஃப்ரேட், செப்பெல், நவம்பர் 1916. எம்.5 அல்லது எம்.5/8. பின்னது மலைப்பாதைக்காகப் பாகம் பாகமாகப் பிரிக்கக்கூடியது, குண்டு இரண்டுக்கும் ஒன்றுதான், அதனால் கூட்டை வைத்து எது என்று சொல்ல முடியாது.

நிலவொளி:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கு பீரங்கி அவ்வளவாகத் தெரியாது, ஆனால் முதல் உலகப் போரில் இத்தாலியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் மோதிய இசொன்சோ ஆற்று முனையைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். நீங்கள் இருவரும் நவம்பர் 1916 என்று முடிவு கட்டியதும் எனக்கு ஒன்று உறுத்தியது. வெளியே செதுக்கியிருப்பது டொபெர்டோ 1916.

டொபெர்டோ என்பது இத்தாலி எல்லையில் கோரித்சியாவுக்குத் தெற்கே உள்ள சுண்ணாம்புப் பாறை மேடு. ஹங்கேரியர்களுக்கு அந்தப் பெயர் இன்றும் கனமானது, அவர்களுடைய படைப்பிரிவுகள் ஏராளமாக அங்கே அழிந்தன. பாறை என்பதால் பதுங்கு குழி லேசில் தோண்ட முடியாது, குண்டு விழுந்தால் அதன் துண்டோடு கல்லும் சேர்ந்து பறக்கும், தண்ணீர் கிடையாது. ஆர்ச்டியூக் யோசெஃப் தலைமையில் 7-ஆம் கோர் (பல டிவிஷன் சேர்ந்த பெரிய படைப்பிரிவு) அங்கே நின்றது. ஆனால் 1916 ஆகஸ்டில் நடந்த ஆறாவது இசொன்சோ போரில் கோரித்சியா இத்தாலியிடம் விழுந்தது, அதே வாரத்தில் ஆஸ்திரிய-ஹங்கேரிப் படை டொபெர்டோ மேட்டையும் விட்டுவிட்டுக் கிழக்கே பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பின்வாங்கியது. நவம்பரில் செய்த கூடு டொபெர்டோவில் சுட்டதாக இருக்க முடியாது!

இதனால் உங்கள் பொருள் போலி என்று சொல்லவில்லை. செதுக்கியவர் எழுதியது கூடு எங்கே சுடப்பட்டது என்பதை அல்ல, தான் எங்கே இருந்தேன் என்பதை. எம்லேக் என்றால் நினைவுப்பொருள். 1916 கோடையில் டொபெர்டோவில் பிழைத்தவர் ஒருவர் அதற்குப் பிறகு கொஞ்சம் கிழக்கே வேறொரு நிலையில் இருக்கும்போதோ, 1917-இல் மருத்துவமனையில் இருக்கும்போதோ, கைக்குக் கிடைத்த கூட்டில் இதைச் செதுக்கியிருக்கலாம். அல்லது அவருக்காக வேறொருவர் செதுக்கியிருக்கலாம், பின்வரிசையில் கைத்திறன் உள்ளவர்கள் இதை ஒரு சிறு தொழிலாகவே செய்தார்கள். போர் முடிந்த பிறகு செய்ததாகவும் இருக்கலாம். ஆகஸ்டுக்குப் பிறகும் அந்தப் பகுதிச் சண்டை முழுவதையும் டொபெர்டோ என்றே சொன்னவர்களும் உண்டு.

இதிலிருந்து ஒன்று நிச்சயம்: அந்தப் பூவேலை 1916 நவம்பருக்கு முன்னால் செதுக்கியது அல்ல. அந்த அடித்தட்டு இல்லாவிட்டால் இது தெரிந்திருக்காது. பழம்பொருள் கடைகளில் செதுக்கிய தேதியையே பொருளின் தேதியாக எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே வரும்.

சும்மா ஒரு கொசுறு: அந்த நவம்பர் 21-ஆம் தேதிதான் 68 வருடம் ஆண்ட ஃபிரான்ஸ் யோசெஃப் இறந்தார். உங்கள் கூடு குத்து வாங்கியபோது ராஜா அவரா, அடுத்து வந்த காரொலியா என்பது அந்தத் தேதிக்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்தது.

புடா_தமிழன்:

இது நான் எதிர்பார்க்காதது. மிக்க நன்றி. செதுக்கியது வேறு, குத்தியது வேறு என்று பிரித்துப் பார்க்கவே தோன்றவில்லை.

அந்த ஒல்லியானதைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

கேலிபர்_கந்தன்:

நிலவொளி, அருமை. இதைத்தான் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று பொறாமையாக இருக்கிறது.

ஒல்லியானதுக்கு வருகிறேன். நீளம் 31 செ.மீ. என்பதை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் முடிவுக்கு வரக்கூடாது. புடாபெஸ்ட் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் இரண்டு வேறு வேறு கூடுகள் கிட்டத்தட்ட ஒரே நீளம். 40 மி.மீ. போஃபோர்ஸ் விமான எதிர்ப்புப் பீரங்கியின் கூடு 311 மி.மீ., சோவியத் 45 மி.மீ. டாங்கி எதிர்ப்புப் பீரங்கியின் கூடு 310 மி.மீ. 1944 டிசம்பர் கடைசியிலிருந்து 1945 பிப்ரவரி 13 வரை நகரம் முற்றுகையில் இருந்தது, இரண்டு பக்கத்துச் சரக்கும் ஒரே தெருவில் கிடந்திருக்கும். சாதாரண ஸ்கேலில் அந்த ஒரு மில்லிமீட்டரைப் பிரிக்க முடியாது, ஆனால் வாயை அளந்தால் 40-ஆ 45-ஆ என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். பிரிட்டிஷ் இரண்டு பவுண்டர் பீரங்கியின் கூடும் 40 மி.மீ.தான், அதன் நீளம் 304. இங்கே அது வர வாய்ப்பு குறைவு, இருந்தாலும் ஒரு தடவை அளந்துவிடுங்கள்.

போஃபோர்ஸ் என்று வந்தால் கதை நன்றாக இருக்கும். ஆமாம், பெயரைக் கேட்டதும் எல்லாருக்கும் நினைவுக்கு வரும் அதே ஸ்வீடன் கம்பெனிதான். அவர்களிடம் உரிமம் வாங்கி டியோஷ்ஜியோரில் மாவாக் ஆலையில் ஹங்கேரி அந்தப் பீரங்கியைச் செய்தது, 36.எம் என்று பெயர். நிம்ரோட் என்ற சங்கிலிச்சக்கர வண்டியின் மேல் பொருத்தியதும் அதுதான். கவனியுங்கள், பழைய பேரரசுக் காலத்தில் ஜெர்மன் முறைப்படி எம் முதலில், எண் பின்னால்: எம்.5, எம்.14. தனி ஹங்கேரியாக ஆன பிறகு எண் முதலில், எம் பின்னால்: 36.எம், 41.எம். ஏதாவது கூட்டிலோ பெட்டியிலோ இந்த வரிசை தெரிந்தால் எந்தக் காலம் என்று ஊகிக்க அதுவே போதும். பழைய பீரங்கிகளையும் அவர்கள் 14.எம் என்று திருப்பித்தான் எழுதினார்கள்.

கிரீடத்தைப் பார்த்ததும் ஹங்கேரி என்று துள்ள வேண்டாம். ஸ்வீடனிலும் கிரீடம் உண்டு, பிரிட்டனிலும் உண்டு. ஹங்கேரியின் புனித கிரீடத்தின் உச்சியில் இருக்கும் சிலுவை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், வேறு எந்த நாட்டுக் கிரீடத்திலும் அப்படிச் சாய்வு பார்த்த நினைவில்லை. பழைய_இரும்பு சொன்ன டார்ச் முறையில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிகச் சிறிய முத்திரை என்றால் சாய்வு தெரியாமலும் போகலாம், அப்போது கிரீடத்தின் மொத்த வடிவம்: கீழே பட்டை, மேலே மூடிய வளைவு, இரண்டு பக்கமும் சங்கிலி தொங்குவது போன்ற கோடு.

1943 என்ற ஆண்டு அதற்குப் பொருந்தும். ராஜா இல்லாத ராஜ்யம் அது, ஹோர்த்தி அரசப் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தார், கிரீடம் மட்டும் எல்லா முத்திரையிலும் இருந்தது. 1946 பிப்ரவரி 1-ஆம் தேதி குடியரசு ஆனதும் அதுவும் போயிற்று.

இரண்டு போருக்கும் நடுவில், அதாவது 1920-களில், தேதியிட்ட ஹங்கேரிக் கூடு ஏன் அபூர்வம் என்று யாராவது கேட்பார்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். 1920 ஜூன் 4-இல் கையெழுத்தான த்ரியானோன் ஒப்பந்தம் படையை 35,000 பேருக்குக் குறைத்தது, ஆயுதம் செய்ய அரசுக்குச் சொந்தமான ஒரே ஒரு ஆலைக்குத்தான் அனுமதி. 1938-இல் ஜியோர் நகரத்தில் பிரதமர் நூறு கோடி பெங்கோ (அன்றைய ஹங்கேரி நாணயம்) ஆயுதத் திட்டத்தை அறிவித்த பிறகுதான் ஆலைகள் முழுவேகத்தில் ஓடின. அதனால் எச்செரியில் நீங்கள் பார்ப்பதில் பெரும்பாலும் 14 முதல் 18 வரை, இல்லையென்றால் 39 முதல் 44 வரை.

புடா_தமிழன்:

வாய் 40.5 வருகிறது. விளிம்பின் வெளிவிட்டம் 62. சிலுவை சாய்ந்துதான் இருக்கிறது, லென்ஸில் நன்றாகவே தெரிகிறது! ஆனால் பிரைமரில் குழி இல்லை, தட்டையாக இருக்கிறது. கூட்டின் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன், காலி.

பழைய_இரும்பு:

அப்படியானால் விளையாட்டை நிறுத்துங்கள். முதலாவதில் குழி இருக்கிறது என்றீர்கள், அது சுட்டு முடிந்தது, அலமாரியில் வையுங்கள். இரண்டாவதில் குழி இல்லையென்றால் இரண்டு வாய்ப்பு: யாரோ காட்சிக்காக வெற்று பிரைமரைப் போட்டிருக்கிறார்கள், அல்லது குண்டையும் மருந்தையும் எடுத்துவிட்டு பிரைமரை அப்படியே விட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்து எது என்று சொல்ல முடியாது, சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள். 40 மி.மீ. பிரைமர் என்பது ரைபிள் தோட்டாவின் பொட்டு அளவுச் சமாச்சாரம் இல்லை, உள்ளே நீளமான குழாயில் கருமருந்து இருக்கும், 80 வருடம் ஆனாலும் காய்ந்த கருமருந்து கருமருந்துதான். விரலைத் துண்டாக்கும்.

சூடாக்க வேண்டாம், தட்ட வேண்டாம், துளை போட வேண்டாம், எண்ணெய் ஊற்றி ஊறவைத்தால் செத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள், அதையும் நம்ப வேண்டாம். அசைக்காமல் ஓரமாக வைத்துவிட்டு 112-க்கு அழையுங்கள். ஹங்கேரியில் இந்த மாதிரி அழைப்பு அவர்களுக்குப் புதிதே இல்லை, ராணுவத்தின் வெடிபொருள் செயலிழப்புப் பிரிவு வந்து பார்க்கும். எடுத்துப் போய்விடுவார்கள் என்று தோன்றினால் இப்போதே அடித்தட்டை நன்றாகப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தூக்கித் திருப்பாமல்.

புடா_தமிழன்:

சரி. படுக்க வைத்துத்தான் இருக்கிறது, அப்படியே விட்டுவிட்டேன். போட்டோ நேற்றே எடுத்தாயிற்று. காலையில் அழைக்கிறேன்.

பழைய_இரும்பு:

காலை எதற்கு? இப்போதே.

ட்ரியெஸ்தே_ராஜா:

சந்தடி சாக்கில் என்னுடையதையும் கேட்டுவிடுகிறேன். ட்ரியெஸ்தேயில் ஒரு வீட்டுக் கொல்லையில் பூந்தொட்டியாக இருந்தது, வாய் 10 செ.மீ., குட்டையான பித்தளைக் கூடு. பக்கத்தில் பெயின்டில் 100/17 என்று எழுதியிருக்கிறது, அடியில் மண் அடைத்துக் கிடக்கிறது, பிரைமர் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. இதுவும் ஹங்கேரியா?

கேலிபர்_கந்தன்:

100/17 என்பது இத்தாலிக் கணக்கு. முதல் எண் விட்டம் மில்லிமீட்டரில், இரண்டாவது குழாய் நீளம் அந்த விட்டத்தின் எத்தனை மடங்கு என்பது. அந்த ஹோவிட்சர் ஸ்கோடாவின் 10 செ.மீ. எம்.14தான். போர் முடிந்தபோது இத்தாலி ஏராளமாக எடுத்துக்கொண்டு பெயரை மாத்தி வைத்துக்கொண்டது, இரண்டாம் உலகப் போரிலும் அவர்களிடம் ஓடியது. இதேபோல 104/32 என்றால் 10.4 செ.மீ. எம்.15, 149/13 என்றால் 15 செ.மீ. எம்.14 ஹோவிட்சர், 75/13 என்றால் 7.5 செ.மீ. மலைப் பீரங்கி எம்.15. ஹங்கேரியும் அந்த 10 செ.மீ. ஹோவிட்சரை 14.எம் என்று வைத்திருந்தது. ஹோவிட்சர் என்பதால் கூடு குட்டையாக இருப்பது சரிதான்.

பெயின்ட் இத்தாலி என்கிறது, அது கடைசியாக யார் கையில் இருந்தது என்பதற்கு மட்டும் சாட்சி. மண்ணைத் தண்ணீரில் ஊறவைத்து மரக்குச்சியால் எடுங்கள், கம்பி வேண்டாம். அடியில் ஆண்டு 18-க்கு உட்பட்டதாக இருந்தால் பேரரசுக் காலத்துக் கூட்டை இத்தாலி மறுபடி நிரப்பியிருக்கிறது, அப்போது யார் செய்தது என்று பார்க்கலாம். 30-களின் ஆண்டு என்றால் இத்தாலியிலேயே புதிதாகச் செய்தது, ஹங்கேரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எழுத்து வந்ததும் 2, 4, 5, 7 மாதிரி கவிழாத ஓர் எண்ணை முதலில் கண்டுபிடித்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.